கூட்டிக் கழித்துப் பார்த்தால்: வாசகர் கேள்வி பதில்

நிறை, குறை, பலம், பலவீனம் என்று இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே திசையில். ஆசிரியர் கட்டோடு என் பக்கம் தள்ளிவிட்டார். பணியாளர் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள், ஆளை எடை போடுவதற்கே சம்பளம் வாங்கியவள் என்பது அவர் நினைப்பு. சம்பளம் வாங்கியது உண்மைதான்.

கேள்வி: வேலை மாறலாமா என்று தீர்மானிக்க, ஒரு தாளில் நடுக்கோடு போட்டு இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம் எழுதினேன். சாதகம் ஒன்பது, பாதகம் நான்கு. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கணக்கை நம்புவதா, மனசை நம்புவதா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

நீங்கள் இன்னும் கணக்கே போடவில்லை; எண்ணியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ‘வசதியான அலுவலகம்’ ஒரு வரி. ‘மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க முடியாது’ அதுவும் ஒரு வரி. உங்கள் தாளில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. மனசு எப்படி ஒப்பும்?

நடுக்கோடு போடும் இந்த வழக்கத்துக்கு நல்ல பூர்வீகம் உண்டு. 1772 செப்டம்பரில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் இதை விளக்குகிறார். பிரீஸ்ட்லிக்கும் உங்களைப் போலத்தான், வந்த வேலையை ஏற்கலாமா வேண்டாமா என்ற குழப்பம். ஃபிராங்க்ளின் சொன்ன வழி இது: கோடு போடு. மூன்று நான்கு நாள் தாளை வைத்திருந்து, தோன்றத் தோன்ற இரு பக்கமும் எழுது. பிறகு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் சம கனமாகத் தெரிந்தால் இரண்டையும் அடி. இங்கே உள்ள ஒன்று அங்கே உள்ள இரண்டுக்குச் சமம் என்றால் மூன்றையும் அடி. கடைசியில் எந்தப் பக்கம் மிச்சம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போ. நம்மவர்கள் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அடிப்பதை விட்டுவிட்டார்கள்.

சார்லஸ் டார்வினும் 1838-ல் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்த்தார். ‘வேண்டாம்’ பக்கத்தில் நேரம் வீணாகும், புத்தகம் வாங்கக் காசு குறையும் என்று நியாயமான காரணங்கள். ‘வேண்டும்’ பக்கத்தில் துணை இருக்கும், எப்படியும் நாயை வளர்ப்பதைவிட மேல் என்று ஒரு வரி. (பிறகு மனைவியாக வந்த எம்மா அம்மையார் அதைப் படித்தாரா என்பது வேறு விஷயம்.) ஆனால் முடிவு எண்ணிக்கையில் வரவில்லை. ஆயுள் முழுக்க வேலை வேலை என்று கிடந்துவிட்டுக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போவதை நினைத்தாலே தாங்கவில்லை என்று எழுதுகிறார். அந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டது. 1839 ஜனவரியில் கல்யாணம்.

ஆகவே தாளை மறுபடி எடுங்கள். அந்த நான்கு பாதகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது கழிக்கிற குறையா, பூஜ்ஜியத்தால் பெருக்குகிற குறையா? பயண அலைச்சல் கழிக்கும், நூறு எண்பதாகும். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்றால் அதே அலைச்சல் பூஜ்ஜியத்தால் பெருக்கும். ஒன்பது சாதகமும் அம்பேல். மனசு ஒப்பவில்லை என்பவர்களுடைய தாளில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்று கேட்டால் என்ன சொல்வது?
(கல்லூரி இறுதியாண்டு மாணவி)

‘நான் அளவுக்கு மீறி உழைப்பேன் சார்’ என்று மட்டும் சொல்லாதே அம்மா. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பதில் அது. உண்மையான ஒன்றைச் சொல், அதற்கு நீ என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாய் என்பதையும் சொல். ‘பேச்சில் சொன்னால் மறந்துவிடுவேன், அதனால் கையோடு எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டிவிடுவேன்’ என்று ஒரு பெண் சொன்னாள். குறிப்பேடும் கையில் இருந்தது. குழுவில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

கேள்வி: ‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்’ என்கிறார் வள்ளுவர். எது அதிகமோ அதை வைத்து முடிவு செய் என்பதுதானே? தொண்ணூறு பங்கு நல்லவன், பத்துப் பங்கு திருடன் என்றால் கருவூலத்தை அவனிடம் கொடுத்துவிடலாமா?
(ஓய்வு பெற்ற தமிழாசிரியர்)

ஐயா, தமிழாசிரியர் நீங்களே ஒரு குறளைத் தனியாகப் பிய்த்தெடுத்துக் கேட்கலாமா? நீங்கள் சொல்வது 504. அதிகாரம் தெரிந்துதெளிதல். அதே அதிகாரத்தின் முதல் குறளைப் பாருங்கள்: ‘அறம்பொருள் இன்பம் உயிரச்சம் நான்கின் திறந்தெரிந்து தேறப் படும்’. அறம், பணம், சுகம், உயிர்பயம் என்ற நான்கிலும் ஆள் எப்படி நிற்கிறான் என்று பார்த்த பிறகே அவனை நம்பு என்கிறார். இது வாசற்படி. உங்கள் பத்துப் பங்குத் திருடன் இங்கேயே, பொருள் என்ற இரண்டாவது சோதனையிலேயே தடுக்கி விழுந்துவிடுவான். தராசுக்கு வரவே மாட்டான்.

வாசற்படி தாண்டியவனுக்குத்தான் தராசு. அதற்கு முன்னால் 503-ல் ஓர் எச்சரிக்கை வேறு: அரியவற்றைக் கற்றுக் குற்றம் அற்றவர்களிடமும் ஆராய்ந்து பார்த்தால் அறியாமை இல்லாமல் இருப்பது அரிது. குறையே இல்லாத ஆளைத் தேடிக்கொண்டு உட்காராதே என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் நிறுக்கச் சொல்கிறார். வரிசையைக் கவனித்தால் போதும். பெருக்கிப் பூஜ்ஜியமாக்கும் குறைகளை முதலில் விலக்கு. மிச்சத்தைக் கூட்டிக் கழி. அடுத்த அதிகாரத்தில் 517 வந்து, எந்த வேலைக்கு இந்த ஆள் என்பதையும் கேட்டுவிடுகிறது: ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்’. நாங்கள் பக்கம் பக்கமாகப் படிவம் அடித்து நிரப்பியதெல்லாம் இதற்கு உரை எழுதியதுதான்.

கேள்வி: பதவி உயர்வுக்கு இரண்டு பேரில் ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டும். ஒருவர் படு கெட்டிக்காரர், வேகம், எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் தப்பு நடந்தால் மூடி மறைத்துவிடுவார். இன்னொருவர் நிதானம், பேச வராது, தப்பு செய்தால் தானே வந்து சொல்லிவிடுவார். எனக்கு முதலாமவரைத்தான் பிடிக்கிறது. என்ன செய்ய?
(ஒரு மேலாளர்)

‘எனக்குப் பிடிக்கிறது’ என்று நீங்களே எழுதியதால் பாதி வேலை மிச்சம். 1920-ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டிருந்தார்கள். எல்லா மதிப்பெண்ணும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கின. ஆள் கம்பீரமாக இருந்தால் அறிவுக்கும் கூடுதல், நேர்மைக்கும் கூடுதல். ஒளிவட்ட விளைவு என்று அதற்குப் பெயர் வந்தது. ஒன்று பிடித்துப்போனால் அந்த வெளிச்சம் மற்றதன் மேலெல்லாம் விழுந்துவிடும்.

நான் கையாண்ட வழியைச் சொல்கிறேன். மதிப்பீட்டுப் படிவத்தை ஆள் வாரியாக நிரப்ப மாட்டேன். ஒரு படிவத்தை எடுத்துப் பத்துக் கேள்விக்கும் ஒரே மூச்சில் மதிப்பெண் போட்டால், முதல் கேள்வியில் கொடுத்த எட்டு கடைசிவரை ஒட்டிக்கொண்டே வரும். அதனால் எல்லாப் படிவங்களையும் மேசையில் பரப்பி, முதல் கேள்வியை மட்டும் எல்லோருக்கும் போடுவேன். அந்தப் பத்தியை ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் நடந்த சம்பவம் ஒன்று எழுத வேண்டும் என்பது எனக்கு நானே போட்ட விதி. சம்பவம் நினைவுக்கு வரவில்லை என்றால் அந்தக் கட்டம் காலி. எத்தனை ‘எட்டு’க்கள் சம்பவம் இல்லாமல் காலியாகும் என்பதைச் செய்து பார்த்தால் தெரியும். மெனக்கெட்ட வேலைதான். ஆனால் ஒருவருடைய பிழைப்பு அந்தத் தாளில் இருக்கிறது.

இப்போது உங்கள் இருவர். வேகம், பேச்சு, பழக்கம் எல்லாம் கூட்டல் கழித்தல் சமாசாரம். பேச வராததும் அப்படியே. பேசும் வேலையை வேறொருவருக்குக் கொடுக்கலாம். மூடி மறைப்பது வேறு ஜாதிக் குறை. அது இருக்கும் வரை அவருடைய மற்ற குறைகள் எத்தனை, எவ்வளவு பெரிது என்று உங்களால் நிறுக்கவே முடியாது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ‘படு கெட்டிக்காரர்’ என்பதே மறைத்தது போக மிஞ்சிய படம்தான். மேலே போகப் போக அவருக்குக் கீழே உள்ளவர்களும் மறைக்கப் பழகுவார்கள். நான் இரண்டாமவரைப் பரிந்துரைப்பேன். முதலாமவரைக் கூப்பிட்டு, ஏன் கிடைக்கவில்லை என்பதை நேரடியாகச் சொல்லிவிடுவேன். அவருக்குத் தெரியாமலே கழிந்துபோகக் கூடாது.

கேள்வி: வீட்டில் நான் எது செய்தாலும் என் கணவர் கண்ணுக்குக் குறை மட்டுமே தெரிகிறது. இது வியாதியா?
(ஒரு வாசகி)

வியாதி இல்லை, மனித சுபாவம். நல்லதைவிடக் கெட்டது ஆழமாகப் பதியும் என்று ராய் பாமைஸ்டரும் மற்ற உளவியலாளர்களும் 2001-ல் ஏகப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிக் காட்டினார்கள். இந்தத் தகவலை அவரிடம் சொல்லுங்கள். அதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பார், பாருங்கள்.

கேள்வி: ஒரு கருத்தில் ஒரே ஓர் ஓட்டையைக் காட்டிவிட்டால் அந்தக் கருத்து செத்தது என்கிறான் என் நண்பன். விவாதத்தில் அவனை ஜெயிக்கவே முடியவில்லை. சரியா அவன் சொல்வது?
(முதுகலை மாணவர்)

நண்பருக்கு அர்பெய்ன் லெ வெரியே என்ற பிரெஞ்சு வானியலாளரின் கதையைச் சொல்லுங்கள். நியூட்டனின் ஈர்ப்பு விதியில் ஓட்டை போல் தெரிந்த இரண்டு இடங்களை ஒரே மனிதர் அடைக்கப் போனார். ஒன்றில் ராஜா, இன்னொன்றில் தோல்வி.

முதல் ஓட்டை யுரேனஸ். 1781-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த கிரகம். வருஷம் போகப் போக, கணக்கு சொன்ன இடத்தில் அது இல்லை. உங்கள் நண்பர் அன்று இருந்திருந்தால் ‘நியூட்டன் செத்தார்’ என்று கைதட்டியிருப்பார். லெ வெரியே வேறு மாதிரி யோசித்தார். விதி சரி என்றே வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கிரகம் யுரேனஸை இழுக்கிறது என்றால் அது எங்கே இருக்க வேண்டும்? காகிதத்திலேயே கணக்குப் போட்டு இடத்தைக் குறித்து பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவு ஜோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரி கூட விலகாமல் இருந்தது நெப்டியூன். ஓட்டை என்று நினைத்தது புதுக் கிரகத்துக்கு வழி காட்டியது.

இரண்டாவது புதன். அதன் சுற்றுப்பாதையில் சூரியனுக்கு மிக அருகில் வரும் புள்ளி, மற்ற கிரகங்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும், கொஞ்சம் அதிகமாக நகர்ந்தது. எவ்வளவு தெரியுமா? பிற்கால அளவீட்டின்படி நூறு வருஷத்துக்கு 43 ஆர்க் செகண்ட். ஒரு டிகிரியில் எண்பதில் ஒரு பங்கு கூட இல்லை. லெ வெரியே 1859-ல் அதே மருந்தை எடுத்தார்: சூரியனுக்கு அருகே இன்னொரு கிரகம் இருக்கிறது. அதற்கு வல்கன் என்று பெயரும் விழுந்தது. பார்த்தேன் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் தேடிப் போனவர்களுக்கு உறுதியாகச் சிக்கவே இல்லை. 1877-ல் அவர் இறந்தார். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ற புது ஈர்ப்புக் கோட்பாடு அந்த 43-ஐக் கச்சிதமாகத் தந்தது. இந்த முறை ஓட்டை விதியிலேயே இருந்தது.

ஓட்டையின் அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதைக் கவனியுங்கள். புதனின் பிசகு அற்பம்; வீழ்ந்ததோ இருநூறு வருஷத்துச் சாம்ராஜ்யம். நான் பார்ப்பது ஓட்டையை அடைக்கக் கொண்டுவரும் சமாதானத்தை. அது ‘இங்கே வந்து பார், இல்லையென்றால் நான் தோற்றேன்’ என்று துணிந்து ஓர் இடத்தைக் காட்டுகிறதா? லெ வெரியே இரண்டு முறையும் காட்டினார். அதனால்தான் வென்றதும் தெரிந்தது, தோற்றதும் தெரிந்தது. எங்கேயும் பிடி கொடுக்காமல் வழுக்கிக்கொண்டே போகும் கருத்துக்கு ஓட்டையே தெரியாது. அதைப் பலம் என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்று. காரணம் சொல்லத் தெரியாததும் ஆதாரம் இல்லாததும் ஒன்றல்ல. கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெகனர் 1912-ல் சொன்னபோது, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா இரண்டின் விளிம்பும் பொருந்தியதைக் காட்டினார், இரு கரையிலும் கிடைத்த ஒரே மாதிரிப் புதைபடிவங்களைக் காட்டினார். எது நகர்த்துகிறது என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் மட்டும் நோஞ்சான். அதைப் பிடித்துக்கொண்டு பலர் மொத்தத்தையும் ஒதுக்கினார்கள். 1960-களில் கடல் தரை விரிவது புலப்பட்ட பிறகுதான் அவர் சொன்னதற்கு மரியாதை கிடைத்தது. அவர் 1930-லேயே கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோயிருந்தார்.

நண்பரிடம் விவாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். ஓட்டை தேடும் நண்பர் கிடைப்பது லேசில்லை.

கேள்வி: எங்கள் சங்கத்தில் பழைய நடைமுறையில் ஆயிரம் குறை. புது நடைமுறைக்கு நான் எழுதிய திட்டத்தில் ஒரு குறையும் யாராலும் சொல்ல முடியவில்லை. இருந்தும் வாக்கெடுப்பில் தோற்றேன். மனிதர்கள் ஏன் இப்படி?
(ஒரு சங்க உறுப்பினர்)

பழைய நடைமுறையின் குறைகள் தெரிவதற்குக் காரணம் அது நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் திட்டம் இன்னும் பிறக்கவில்லை. பிறக்காத பிள்ளைக்கு ஏது சேட்டை? நடப்பதையும் தாளில் இருப்பதையும் ஒரே தட்டில் வைத்தால் தாள் எப்போதும் ஜெயிக்கும். உங்கள் உறுப்பினர்களுக்கு அது உள்ளூரப் புரிந்திருக்கிறது.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். கேரி கிளைன் என்ற உளவியலாளர் சொல்லும் உத்தி இது. கூட்டத்தில் ‘ஏதாவது குறை இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே வாயை மூடிக்கொள்வார்கள். ‘ஒரு வருஷம் ஆகிவிட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது என்று ஆளுக்கொரு காரணம் எழுதுங்கள்’ என்று தாளைக் கொடுங்கள். பேனா ஓடுவதைப் பாருங்கள்.

அமைப்புகளை நிறுக்கும்போது சராசரி எடுப்பது ஆபத்து. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அத்தனை பெரிய இயந்திரத்தில் பழுதானது, பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம். குளிரில் அது விறைத்துப்போகும் என்று முந்தின இரவே பொறியாளர்கள் ஏவ வேண்டாம் என்று மன்றாடினார்கள். முன்பு போன ஓடங்களிலும் வளையம் அரிக்கப்பட்டுத்தான் இருந்தது. பத்திரமாகத் திரும்பி வந்ததால் அந்த அரிப்பே பழகிப்போய்விட்டது. குறை தெரியாமல் அங்கே யாரும் சாகவில்லை. தெரிந்த குறையைக் கழித்தல் கணக்கில் எழுதிவிட்டார்கள். அது பெருக்கல் கணக்கைச் சேர்ந்தது.

ஆகவே உங்கள் திட்டத்துடன் இரண்டு பதிலையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். தப்பு நடந்தால் முதலில் யாருக்குத் தெரியும்? தெரிந்தவர் சொன்னால் நிறுத்த முடியுமா? பழைய நடைமுறைக்கு ஆயிரம் குறை இருந்தும் இந்த இரண்டுக்கும் அதனிடம் பதில் இருந்தால், அதற்கு வாக்களித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: எனக்குப் பயங்கர மறதி. ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரச் சொல்லிவிடுகிறேன். நினைவாற்றல் பயிற்சிக்குப் போகலாமா, அல்லது பலவீனத்தை விட்டுவிட்டு என் பலத்தை வளர்க்கலாமா? நான் நன்றாக வரைவேன்.
(ஓர் ஓவியர்)

1935 அக்டோபர் 30 அன்று போயிங் நிறுவனத்தின் மாடல் 299 விமானம் சோதனை ஓட்டத்தில் மேலே எழும்பியதும் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் கைதேர்ந்த சோதனை விமானி. தரையில் நிற்கும்போது வால் பக்கத்து அசையும் தகடுகள் காற்றில் ஆடாமலிருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ஒரு மனிதன் ஞாபகத்தில் வைத்து ஓட்ட முடியாத விமானம் என்று பத்திரிகைகளில் பேச்சு. ராணுவ விமானிகள் இன்னும் நல்ல நினைவாற்றல் உள்ளவர்களைத் தேடிப் போகவில்லை, பயிற்சி வகுப்பும் வைக்கவில்லை. கிளம்பும் முன், இறங்கும் முன் என்று பார்க்க வேண்டியதை வரிசையாக ஓர் அட்டையில் எழுதி விமானி கையில் கொடுத்தார்கள். பிறகு அந்த விமானம் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

மறதி உங்கள் ஓவியத்தைப் பூஜ்ஜியமாக்கவில்லை. வருகிறவர்களின் பொறுமையைக் கொஞ்சம் கழிக்கிறது, அவ்வளவே. பயிற்சி வகுப்புக் கட்டணத்தை வண்ணத்துக்குச் செலவிடுங்கள். வாசல் கதவின் உள்பக்கம் ஒரு பெரிய மாதத்தாளை மாட்டி, யாருக்கு நேரம் கொடுத்தாலும் அதில் எழுதிய பிறகுதான் ‘சரி’ என்று சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் பேனாவை நூல் கட்டி அங்கேயே தொங்கவிடுங்கள். பேனா தேடப் போனால் எதற்குப் போனோம் என்பதும் மறந்துவிடும்.